அல்பேட்டுக்கு மருந்து கிடைக்கவில்லை

மொன்றியலின் வில்லரேயில் நம்மவர்கள் வாங்கிய வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் பெரும்பாலும் ஒரு கரோக்கிப் பெட்டி இருக்கும், அல்லது ஊரிலிருந்து வந்து திரும்பிப் போகாத ஒரு மச்சான் இருப்பார். அல்பேட்டின் நிலக்கீழ் அறையில் தோட்டா செய்கிற மேசை இருந்தது.

அல்பேட் மட்டக்களப்பார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். புவாண்ட்-கிளேரில் ஒரு தளபாடக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சண்டைக்காலம் முழுவதும், துவக்கு வைத்திருந்த எல்லாப் பக்கத்தாருக்கும் பாரபட்சமில்லாமல் பயந்து ஒளித்துத் திரிந்தவர். ஒரு துவக்கைத் தொட்டுப் பார்த்ததே கனடாவுக்கு வந்த பிறகுதான். அதற்குக் காரணம் கறி.

அவரோடு வேலை செய்கிற றேஜான் என்கிற கியூபெக் மனிதர், ஒரு மத்தியானம் அல்பேட்டின் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த ஆட்டுக்கறியை ருசி பார்த்தார். மறுவாரம் தன் குளிரூட்டியிலிருந்து உறைந்த மான் இறைச்சி ஒரு பொதி கொண்டுவந்து, “இதையும் உன் மனைவி இப்படிச் செய்வாளா?” என்று கேட்டார். அல்பேட்டின் மனைவியின் பெயர் கிளி. அவர் செய்து கொடுத்தார். றேஜான் மூக்காலும் கண்ணாலும் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருடம் நீயும் வேட்டைக்கு வருகிறாய் என்று அறிவித்தார். அல்பேட் வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார். செத்துப்போன தன் மாமனின் பழைய துவக்கொன்றை றேஜான் மலிவாக வாங்கிக் கொடுத்தார்.

துவக்குத்தான் மலிவு. அது அந்தக்காலத்து த்ரீ-நாட்-த்ரீ ரைபிள். அதற்குரிய தோட்டா கடைக்கு வருவது அபூர்வம். வந்தால் யானை விலை. அதனால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறியாமல் எடுத்துவைத்து, அடியில் பொறி தட்டுகிற புதுக் கேப்பு அமத்தி, வெடிமருந்து அளந்து போட்டு, முனையில் சன்னத்தைப் பொருத்தித் தாமே தோட்டா செய்கிற வழக்கம் இங்கே உண்டு. அல்பேட் அதைப் பழகினார். பழகியபின் வேட்டையைவிட அதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. சனிக்கிழமைகளில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சின்னத் தராசுக்கு முன்னால் மூச்சைப் பிடித்தபடி இருப்பார்.

கிளி இதற்கெல்லாம் தடை சொல்லவில்லை. ஒரேயொரு சட்டம் மட்டும் போட்டார். துவக்கு என்ற சொல் வீட்டுக்கு வெளியே வரக்கூடாது.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள் எண்டு சொல்லித்தானே இந்த நாட்டில இருக்க விட்டவங்க,” என்றார். “இப்ப நீங்க அதை வாங்கிக் கீழ வெச்சிருக்கிறயள். நாலு சனம் கேட்டா என்ன நினைக்கும்?”

ஆகவே அல்பேட் வெளியில் கதைக்கும்போது துவக்கை ‘சாமான்’ என்பார். கோது, கேப்பு, மருந்து என்ற மற்றச் சொற்கள் யாருடைய காதிலும் உறுத்தாது என்று அப்படியே விட்டுவிட்டார். பிழை அங்கேதான் நடந்தது.

தட்டுப்பாடு கொவிட்டோடு தொடங்கியது. முதலில் கேப்பு இல்லை என்றார்கள். பிறகு எங்கோ சண்டை தொடங்கியது. தொழிற்சாலைகளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன என்று சொல்லி மருந்தும் இல்லை என்றார்கள். எப்போதாவது வந்தால் விலை மும்மடங்கு. புவாண்ட்-கிளேருக்குப் பக்கத்தில் ஒரு வேட்டைச் சாமான் கடை இருக்கிறது. வேலை முடிந்து வாரத்தில் இரண்டு தடவையாவது அல்பேட் அங்கே எட்டிப் பார்ப்பார். வெறும் தட்டுக்கு முன்னால் தாடிக்காரப் பையன் நின்று தோளைக் குலுக்குவான்.

“உலகத்தில எந்த மூலையில சண்டை நடந்தாலும் நட்டம் எனக்குத்தான்,” என்று அல்பேட் றேஜானிடம் சொன்னார். “அங்க இருந்தப்பவும் அப்பிடி. இங்க வந்தும் அப்பிடி.”

சமாளிக்கத் தன்னாலான எல்லாம் செய்தார். சுடுதளத்தில் மற்றவர்கள் விட்டுப்போகிற கோதுகளைக் குனிந்து குனிந்து பொறுக்கினார். அங்கே அவருக்கு ‘வக்யூம் கிளீனர்’ என்று பெயர் விழுந்தது. பயிற்சிக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு, வெறும் துவக்கைத் தொலைக்காட்சியில் காலநிலை சொல்லுகிற பெண்ணுக்கு நேரே பிடித்துக் குறிபார்த்தார். கிளி கண்டு ஏசியதும் சுவர்க் கலண்டருக்கு மாறினார். கடைசியாக ஒரு நல்ல வழி பிடிபட்டது. சுடுதளத்தில் ஒருநாள் கிளி செய்த இறைச்சி ரோல்ஸ் இரண்டைச் சாப்பிட்ட கிழவர் ஒருவர், தன்னிடம் பழைய கேப்புப் பெட்டி கிடக்கிறது, இன்னும் இப்படி ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுவந்தால் தருகிறேன் என்றார். அன்று தொடங்கி ரோல்ஸ் அங்கே காசுபோலப் புழங்கியது. வேலையிடத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று அல்பேட் சொன்னதை நம்பி, கிளி ஞாயிறு பின்னேரங்களில் இறைச்சி வதக்கிக்கொண்டே இருந்தார்.

இப்படியாகக் கேப்பு சேர்ந்தது. மருந்து மட்டும் சேரவில்லை. ரோல்ஸுக்குக்கூட ஒருவரும் கொடுக்கிறார்களில்லை. ஒக்டோபரும் வந்துவிட்டது. நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டை திறக்கும்.

அந்த நிலையில்தான் ஒரு பின்னேரம் பஸ்ஸில் வரும்போது ஸ்காபரோவில் இருக்கிற சிநேகிதர் அன்டனுக்கு அழைத்துத் தன் கவலையைக் கொட்டினார். பின் இருக்கையில் துஷாந்தினி இருந்ததை அவர் காணவில்லை.

துஷாந்தினி பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறவர். தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் செபக்குழுவையும் அவர்தான் நடத்துகிறார். இளகிய மனம், இறுகிய ஒழுங்கு. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இவர் சூப்பும் கொண்டுவருவார், யார் யார் எந்த நாளில் சூப்பு கொண்டுபோவது என்று முறையும் போட்டுக் கொடுப்பார். அவருடைய காதில் விழுந்தது அல்பேட்டின் பக்கத்துக் கதை மட்டுந்தான்.

“இல்ல அன்டன், ஒரு இடமும் மருந்து இல்ல. கேப்பு கிடக்கு, அது காணும். மருந்துதான் இல்ல… ஓம், போன வருசத்தான் போத்தலின்ர அடியில கொஞ்சம் இருந்தது, அதோட சமாளிச்சன்… வேற மருந்து மாத்திப் பாக்கப் பயமாக் கிடக்கு. அளவு ஒரு சொட்டுக் கூடினாலும் முகம் போயிடும்… விலையோ? அதைக் கிளிக்கு இன்னும் சொல்லேல்ல. கேட்டால் தாங்கமாட்டாள்… நவம்பருக்குள்ள கிடைக்காட்டி அவ்வளவுதான் எனக்கு. முடிஞ்சுது.”

துஷாந்தினி தன் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய் இறங்கினார். கேப்பு என்றது கேப்சூல். அது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் போகிற அளவுக்குப் பக்கவிளைவு உள்ள மருந்து என்றால் வருத்தம் எதுவாக இருக்கும் என்றும் ஓரளவு ஊகித்துக்கொண்டார். வம்பளக்கிற குணம் அவருக்கு இல்லை. அந்த மனிதருக்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் செபக்குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அழைத்துக் கேட்டார்.

ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கும் நேரம் வந்தது. உலக சமாதானத்துக்காக மன்றாடினார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக மன்றாடினார்கள். பிறகு பங்குச் சுவாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கடும் நோயால் வருந்தி, அதற்குரிய மருந்து கிடைக்காமல் தவிக்கும் எமது சகோதரர் அல்பேட்டுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்று கோயில் முழுவதும் சொன்னது. கிளியும் சொன்னார். அல்பேட்டும் சொன்னார், யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு. முன் வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பித் தங்களைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அந்தப் பங்கில் வேறு அல்பேட் இல்லை என்பது இருவருக்கும் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கார் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது கிளி கேட்டார்.

“என்ன வருத்தம்?”

“ஆருக்கு?”

“சுவாமி பேர் சொல்லி வாசிக்கிறார். முழுச் சனத்துக்கும் தெரிஞ்சிருக்கு. பக்கத்தில படுக்கிற எனக்குத் தெரியாது.” கிளி அழத் தொடங்கினார். “ரோல்ஸ் ரோல்ஸ் எண்டு கொண்டு போனயள். ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போனயள்?”

பச்சை விழுந்து பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அல்பேட் காரை ஓரத்தில் நிறுத்தி, பஸ்ஸில் கதைத்ததை நினைத்துப் பார்த்து, எங்கே பிசகியது என்று கண்டுபிடித்து, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். ரோல்ஸ் போன இடத்தையும் சொல்லவேண்டி வந்தது. மருந்தின் விலையையும் சொன்னார். கிளி அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்தார்.

“அப்ப உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல?”

“முழங்கால் கொஞ்சம் நோகும்.”

“முழங்காலுக்கு ஆரும் பூசையில மன்றாட மாட்டாங்க,” என்றார் கிளி. “இப்ப என்னண்டு போய்ச் சொல்லுற? வருத்தம் இல்ல, வீட்டில வெடிமருந்து கிடக்கு எண்டோ? வேணாம். கொஞ்ச நாளைக்கு வருத்தமாவே இருங்க. பேந்து மெல்லச் சுகமாகலாம்.”

பொய் சொல்லமாட்டேன் என்று அல்பேட் மறுத்தார். ஒன்றும் சொல்லத் தேவையில்லை, படுத்திருந்தால் போதும் என்றார் கிளி.

அடுத்த நாளே சூப்பு வரத்தொடங்கியது. துஷாந்தினி போட்ட முறைப்படி திங்கள் ஆட்டெலும்பு, செவ்வாய் நண்டு, புதன் முருங்கையிலை. வேலையால் வந்ததும் வராததுமாக அல்பேட் உடுப்பை மாற்றிக்கொண்டு சோபாவில் சாய்ந்து போர்வையை இழுத்துக்கொள்வார். கோயிலில் காணிக்கை எடுக்கிற கிறகரி, பப்பாசி இலைச் சாறு எந்த வருத்தத்தையும் மாற்றும் என்று ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டே போனார். அது தவிர மற்ற எல்லாம் நல்ல சாப்பாடு. வருத்தக்காரர் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு போனார். “வீக்கம்,” என்று வந்தவர்கள் வாசலில் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

துஷாந்தினி தானே ஒருநாள் வந்து பக்கத்தில் இருந்தார்.

“அண்ணை, மருந்தின்ர பேரை மட்டும் சொல்லுங்கோ. நான் எங்கையாவது எடுத்துத் தாறன். எங்கட பாமசியில இல்லாட்டி வேற இடத்தில கேப்பன்.”

“அது பாமசிக்கு வராது, தங்கச்சி,” என்றார் அல்பேட்.

“அப்ப ஆஸ்பத்திரியில மட்டும் குடுக்கிறதோ?”

“ஆஸ்பத்திரியிலயும் இல்ல.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. துஷாந்தினியின் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை வீட்டிலேயே செபமாலை சொல்லுவோம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தார். மறுக்க ஒரு காரணம் தேடிக்கொண்டே கிளி கதிரைகளை எண்ணத் தொடங்கினார்.

சனிக்கிழமை பின்னேரம் வரவேற்பறை நிறைந்துவிட்டது. அல்பேட்டை நடுவில் இருத்தி, சுற்றிவர இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். செபமாலையின் ஐந்து காரணிக்கங்களில் மூன்றாவது நடக்கும்போது வாசல் மணி அடித்தது. கிளி போய்க் கதவைத் திறந்தார். றேஜான் நின்றார். பெரிய சப்பாத்து, பெரிய குரல், கையில் மடித்துச் சுருட்டிய ஒரு கடுதாசிப் பை. கிளி சைகை காட்ட முந்தியே உள்ளே வந்துவிட்டார்.

“அல்பேட், உன் பூத்ர் கிடைத்துவிட்டது,” என்று பிரெஞ்சில் மகிழ்ச்சியோடு சொன்னார். “சென்-ஜெரோமில் ஒரு ஆளிடம். அவனுடைய நிலக்கீழ் அறையில் பதுக்கி வைத்திருந்தான். முதல்தரச் சாமான். இப்போது இதற்காக ஆட்கள் அடிபடுகிறார்கள் தெரியுமா?”

பிறகுதான் அறையில் இருந்தவர்களைக் கவனித்து, எல்லாருக்கும் பொதுவாகப் பொன்சுவார் என்று மாலை வணக்கம் சொன்னார்.

பூத்ர் என்றால் தூள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மொன்றியலில் ஒரு ஆள் பையைச் சுருட்டிக்கொண்டு வந்து தூள் கிடைத்துவிட்டது என்றால் அது என்ன தூள் என்பதும் தெரியும். பள்ளிக்கூடங்களில் பெற்றோரைக் கூப்பிட்டு அதைப் பற்றி வகுப்பே நடத்தியிருக்கிறார்கள். செபமாலை நின்றது. கிறகரி அல்பேட்டின் கண்களை உற்றுப் பார்த்தார். அன்றும் ஒரு போத்தல் சாறு குடித்ததில் அவை சிவந்துபோய்த்தான் இருந்தன.

துஷாந்தினிதான் முதலில் தன்னைத் திடப்படுத்திக்கொண்டார். வந்து அல்பேட்டின் கையைப் பிடித்தார்.

“அண்ணை, இதுக்கு வெக்கப்படத் தேவையில்லை. இதுவும் ஒரு வருத்தம்தான். எங்கட பாமசிக்கு இப்பிடி எத்தினை பேர் வருகினம் தெரியுமே? விடலாம். நாங்கள் எல்லாரும் பக்கத்தில நிப்பம்.”

அல்பேட்டுக்கு எந்தச் சொல்லில் தொடங்கினாலும் பிழையாகிவிடும் போலிருந்தது. அப்போது கதவடியில் நின்ற கிளி சொன்னார்.

“அது துவக்கு மருந்து.”

எல்லாரும் கதவடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“வெடிமருந்து. மான் சுடுறதுக்கு. இந்தாள் கீழ இருந்து தோட்டா செய்யிறவர். கடையில மருந்து இல்லாம அலையிறார். கேப்சூலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. லைசென்ஸ் கிடக்கு, வேணுமெண்டா கொண்டந்து காட்டுறன்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “ஆளுக்கு ஒரு வருத்தமும் இல்ல. உங்கட சூப்பெல்லாம் குடிச்சுக் கொழுத்துப்போய்க் கிடக்கிறார்.”

கிறகரி நெஞ்சில் கைவைத்துக் கதிரையில் சாய்ந்தார்.

“துவக்கு மருந்தோ,” என்றார். “அதை முதல்லயே சொல்லுறதுக்கென்ன? நான் பயந்துபோனன்.”

அறை முழுவதும் பெருமூச்சு விட்டது. இத்தனை வருடம் எந்தச் சொல்லை வெளியே விடாமல் காத்தாரோ, அதைக் கேட்டு எல்லாரும் முகம் மலர்ந்ததைக் கிளி நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவர் சாமானைப் பார்க்கலாமா என்றார். இன்னொருவர் மானில் எந்தப் பகுதி நல்லது என்று விசாரித்தார். றேஜானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ கொடுத்த நண்டுச் சூப்பைக் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

துஷாந்தினிக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. “நான் உங்களுக்காக ரெண்டு வெள்ளி ஒருசந்தி பிடிச்சு ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டனான், அண்ணை,” என்றார்.

“வீண்போகேல்ல, தங்கச்சி,” என்று அல்பேட் அந்தப் பையைக் காட்டினார். “கேட்டது கிடைச்சிட்டுதே.”

துஷாந்தினி பையைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து செபமாலையை முடிக்கவேண்டும் என்று எல்லாரையும் இருத்தினார். மறுநாள் பூசையில் சுவாமி, சகோதரர் அல்பேட்டுக்கு மருந்து கிடைத்ததற்காக இறைவனுக்கு நன்றி சொன்னார். எந்த மருந்து என்று சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

வேட்டைக்கு மோன்-லோரியே பக்கத்தில் உள்ள றேஜானின் மரக்குடிசைக்குப் போனார்கள். அல்பேட் பார்த்துப் பார்த்து அளந்து செய்த தோட்டாக்களைப் பழைய சொக்லேட் பெட்டியொன்றில் பஞ்சு வைத்துக் கொண்டுபோயிருந்தார். முதல் நாள் காலை, பனி விழுந்த வெளியில் ஒரு கொம்பன் மான் வந்து அவருக்குப் பக்கவாட்டில் நின்றது. சுடச் சொல்லிக் கேட்டு நிற்பதுபோல நின்றது. அல்பேட் குறிபார்த்தார். விரல் விசைக்குப் போனது. அந்த நேரம் பார்த்து, இந்தத் தோட்டாவைச் சுட்டுவிட்டால் இன்னொன்றை எங்கே போய்ச் செய்வது என்ற எண்ணம் வந்தது. மருந்தின் விலை வந்தது. கேப்புக்காகக் கிளி உருட்டிய ரோல்ஸ் தட்டுகள் வந்தன. தவறிப்போனால் இதெல்லாம் வீண் அல்லவா? இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று நினைத்தார். மான் வேறுவிதமாக நினைத்து மரங்களுக்குள் போய்விட்டது.

சற்றுத் தள்ளி இருந்து பார்த்துக்கொண்டிருந்த றேஜான் நடந்து வந்தார்.

“ஏன் சுடவில்லை?”

“விலை,” என்றார் அல்பேட்.

றேஜான் தன் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மீண்டும் போட்டுக்கொண்டு போனார். அன்று பின்னேரம் தன்னுடைய கடைத் தோட்டாப் பெட்டியைத் திறந்து அல்பேட்டுக்கு முன்னால் வைத்து, இது உன் துவக்குக்குப் பொருந்தாது, ஆனால் இதன் விலையைப் பார்த்தாவது மனதைத் தேற்றிக்கொள் என்றார். அல்பேட் பார்த்தார். தன்னுடையது உண்மையில் மலிவுதான் என்று தெரிந்தது.

மறுநாள் வேறொரு மான் வந்தது, முந்தியதைவிடச் சின்னது. இந்தமுறை அல்பேட் எதையும் யோசிக்காமலிருக்க, பள்ளிக்கூடத்தில் படித்த ஏழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிக்கொண்டே குறிபார்த்தார். ஏழெட்டு ஐம்பத்தாறு என்ற இடத்தில் வெடி கிளம்பியது. ஒரே தோட்டா. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அல்பேட் முதலில் ஓடியது மானிடம் அல்ல. துவக்கிலிருந்து தெறித்த கோதைப் பனிக்குள் கிளறித் தேடினார்.

சூப்பு கொண்டுவந்த எல்லா வீடுகளுக்கும் இறைச்சி போனது. துஷாந்தினிக்குத் தொடைப்பகுதி. கிறகரிக்கு, அந்தச் சாற்றை நினைத்துக் கொஞ்சம் எலும்பாகப் பார்த்துக் கொடுத்தார் அல்பேட். மிச்சத்தைக் கிளி குளிரூட்டிக்குள் அடுக்கும்போது, கடைசியாகக் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சியின் விலை அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

“வாற வருசத்துக்கு மருந்து காணுமோ?” என்று தானாகக் கேட்டார்.

போதாது என்றார் அல்பேட். கடையில் இப்போது ஒரு லைசென்ஸுக்கு ஒரு போத்தல், ஒரு பெட்டி கேப்புத்தான் கொடுக்கிறார்கள் என்பதையும் சொன்னார்.

“அப்ப ரெண்டு லைசென்ஸ் இருந்தா?”

அந்தக் குளிர்காலத்தில் கிளி வகுப்புக்குப் போனார். அவருக்கு வந்த புள்ளி அல்பேட்டின் புள்ளியைவிடக் கூட. விருந்தாளிகள் வந்தால் அந்தக் கதை இப்போது தேத்தண்ணீருக்கு முன்னாலேயே வந்துவிடும்.

லைசென்ஸ் கையில் கிடைத்த அந்தக் கிழமையே, மருந்து வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இருவரும் புவாண்ட்-கிளேர் கடைக்குப் போனார்கள். தாடிக்காரப் பையன் இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தான். கிளி விலையைக் கேட்டார். அவன் சொன்னான். கிளி அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒரு விலை கேட்டார். பையன் இது அப்படிப்பட்ட கடையில்லை என்று பணிவாகச் சொன்னான். கிளி தன் போத்தலை அவன் பக்கம் தள்ளிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேறு கடை இல்லையா என்பதுபோல மெதுவாக வாசலை நோக்கி நடந்தார். நடந்து போய்க் கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவன் கூப்பிடுவான் என்று நின்றார்.

பையனுக்கு அந்த வழக்கம் தெரியாது. அடுத்தவரைக் கவனிக்கத் திரும்பிவிட்டான். அல்பேட் அவசரமாக அட்டையை எடுத்து இரண்டு போத்தலுக்கும் பணத்தைக் கட்டி, பையை ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“குறைச்சவனோ?” என்று கேட்டார் கிளி.

“ஓம், கொஞ்சம்,” என்றார் அல்பேட்.